மைக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க – வாசகர் கேள்வி பதில்

ஆன்லைன் மீட்டிங்ல எப்படி நடந்துக்கறது, என்ன பண்ணலாம் என்ன பண்ணக்கூடாதுன்னு போன இதழ்ல கேள்வி கேட்டு எழுதச் சொல்லியிருந்தோம். நிறைய பேர் எழுதியிருந்தீங்க, நன்றி. படிச்சுக்கிட்டே வரும்போது ஒண்ணு தோணுச்சு, நம்ம ஆளுங்க கவலையெல்லாம் "நான் எப்படித் தெரியறேன்"ங்கறதுலயே இருக்கு. 14 வருஷமா தினமும் கால் காலா உக்காந்திருக்கிற அனுபவத்துல சொல்றேன், முகம் ரெண்டாவதுதான். நாம பேசறது அந்தப் பக்கம் இருக்கிறவங்க காதுக்கு எப்படிப் போகுது, அவங்க பேசறதுக்கு நாம இடம் விடறோமா, இதைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். இந்த இதழ் முழுக்க அந்த எண்ணத்துலதான் பதில் எழுதியிருக்கேன்.

அக்கா, எங்க வீட்ல ஒரு ஹால் ஒரு ரூம், ஹால்லதான் என் டேபிள். மீட்டிங் நேரம் பாத்து குக்கர் விசில் அடிக்கும், பக்கத்து அம்மன் கோயில் ஸ்பீக்கர் வேற. பின்னாடி செவுத்துல சாமி படம், கேலண்டர், கொடியில துணி. டீம்ல மத்தவங்களுக்கெல்லாம் பின்னாடி புக் ஷெல்ஃப், செடின்னு அழகா இருக்கு. கேமரா போடவே கூச்சமா இருக்கு.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

சாமி படத்துக்கும் கேலண்டருக்கும் எதுக்கும்மா கூச்சம், அது உங்க வீடு. துணியை மட்டும் அந்த நேரத்துக்கு எடுத்துடுங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். சிலர் உடனே வர்ச்சுவல் பேக்ரவுண்ட் போட்டுக்கறாங்க, கொஞ்சம் பழைய லேப்டாப்னா அதுவே மெஷினை இழுத்துப் பிடிச்சு குரலைத் துண்டு துண்டா ஆக்கிடும், ஒரு காது காணாமப் போகும், கையை ஆட்டினா விரல் மறையும். அதுக்கு பிளர் பண்ணிட்டுப் போறது எவ்வளவோ மேல், செவுரு தெரிஞ்சா அதைவிட நல்லது.

வெளிச்சத்தை மட்டும் பாத்துக்கோங்க. ஜன்னல் உங்களுக்குப் பின்னாடி இருந்தா நீங்க கறுப்பு நிழலாத்தான் தெரிவீங்க, டேபிளைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பாத்து உக்காருங்க. லேப்டாப்புக்கு அடியில நாலு தடி புஸ்தகம் வச்சு கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாங்க, இல்லைன்னா ஃபேன்தான் நடுவுல சுத்திக்கிட்டு இருக்கும்.

இப்ப குக்கருக்கு வருவோம், அதுதான் முக்கியம். பேசாதப்ப மியூட்ல இருங்க, இது எல்லாருக்கும் தெரியும், ஆனா பேசணும்னா மவுஸைத் தேடிப் போய் அன்மியூட் பண்றதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடும். ஜூம்ல மியூட்ல இருக்கும்போது ஸ்பேஸ் பாரை அமுக்கிப் பிடிச்சா பிடிச்சிருக்கிற வரைக்கும் மைக் ஆன்ல இருக்கும், விட்டா திரும்ப மியூட். ரெண்டு வார்த்தை சொல்றதுக்கு இதைவிட வசதி இல்லை. மைக்கைப் போடவும் நிறுத்தவும் கூகுள் மீட்ல கண்ட்ரோல் டி, டீம்ஸ்ல கண்ட்ரோல் ஷிஃப்ட் எம். இதெல்லாம் விரல்ல பழகிடுச்சுன்னா பாதி பயம் போயிடும். அப்புறம் ஒயர் வச்ச சாதாரண இயர்போன் ஒண்ணு வாங்கிக்கோங்க, மைக் வாய்க்குப் பக்கத்துல இருந்தாலே கோயில் ஸ்பீக்கர் பாதியா குறையும். லேப்டாப்ல இருக்கிற மைக் உங்க குரலையும் எடுக்கும், ஃபேன் சத்தத்தையும் எடுக்கும், அடுக்களையில பாத்திரம் வைக்கிறதையும் எடுக்கும்.

ஆடி மாசம் பத்து நாள் ஸ்பீக்கர் ஓடும்னா முதல் நாளே டீம்ல ஒரு வரி மெசேஜ் போட்டுடுங்க, "பக்கத்துல கோயில் திருவிழா, பேசும்போது சத்தம் வந்தா மன்னிச்சுக்கோங்க"ன்னு. முன்னாடியே சொல்லிட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

நான் வேலைக்குச் சேந்து எட்டு மாசம் ஆகுது மேடம். மீட்டிங்ல ஏதாவது சொல்லலாம்னு வாயைத் திறந்தா அதே நேரம் சீனியர் யாராவது ஆரம்பிச்சிடறாங்க. "சொல்லுங்க சொல்லுங்க"ன்னு நான் விட்டுடறேன், அவங்க சொல்லி முடிச்சதும் டாபிக்கே மாறிடுது. நான் பேசவே மாட்டேங்கறேன்னு அப்ரைசல்ல எழுதிட்டாங்க.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். தப்பு உங்க மேல இல்லை, இதுல பாதி நெட்வொர்க் பண்ற வேலை. நேர்ல ரெண்டு பேர் பேசிக்கும்போது ஒருத்தர் முடிச்சு இன்னொருத்தர் ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி சுமாரா 200 மில்லி செகண்ட்தான், அதாவது ஒரு செகண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு. பல மொழிகள்ல அளந்து பாத்திருக்காங்க, கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட இப்படித்தான். குரல் ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்குள்ள ஆனா பேச்சு இயல்பா இருக்கும்னு தொலைத்தொடர்புக்கான சர்வதேச அமைப்பு ஐடியூ ஒரு வரம்பு சொல்லியிருக்கு. நம்ம வீட்டு வைஃபை, மொபைல் டேட்டா, அங்கேருந்து எங்கயோ இருக்கிற சர்வர்னு சுத்தி வரும்போது பல நேரம் அதைத் தாண்டிடும். அப்ப என்ன ஆகும்னா, அவர் முடிச்சிட்டார்னு நினைச்சு நீங்க ஆரம்பிக்கறீங்க, உங்க குரல் அவருக்குப் போய்ச் சேரலை, யாரும் பேசலைன்னு நினைச்சு அவரும் ஆரம்பிக்கிறார். ரெண்டு பேருமே மரியாதையாத்தான் இருக்கீங்க, ஆனா முட்டிக்கறீங்க. முட்டிக்கிட்டா யார் விடுவாங்க? சின்னவங்கதான்.

நாலு வருஷம் முன்னாடி நான் நடத்தின ஒரு ரிவ்யூ கால், 11 பேர் இருந்தோம். டெஸ்டிங் பண்ற பொண்ணு ஒருத்தி, புதுசு. நான் ரிலீஸ் தேதியைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கேன், ஓரத்துல அவ பாக்ஸ்ல மியூட் அடையாளம் போச்சு, பேசறவங்களைக் காட்டற கோடு சுத்தி ஒரு நொடி மின்னுச்சு, நான் நிறுத்தலை. மியூட் அடையாளம் திரும்ப வந்துடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் போச்சு, மின்னுச்சு, மறுபடியும் வந்துடுச்சு. நான் அதைக் கண்ணால பாத்தேன், முடிச்சிட்டுக் கேட்டுக்கலாம்னு நினைச்சேன், முடிச்சதும் மறந்துட்டேன். மறுநாள் ரிலீஸ்ல பேமெண்ட் பக்கம் வேலை செய்யலை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டா, "நேத்தே சொல்ல வந்தேன் மேடம், நீங்க பேசிட்டிருந்தீங்க"ன்னு சொன்னா, குரல்ல கோபம் கூட இல்லை. எனக்கு அது இன்னைக்கும் உறுத்துது. அன்னைலேருந்து நான் நடத்துற எந்த மீட்டிங்லயும் ஒருத்தர் மியூட்டை எடுத்தா என் பேச்சை நிறுத்திட்டு பேர் சொல்லிக் கூப்பிடறேன்.

நீங்க பண்ண வேண்டியது: கையைத் தூக்கற பட்டன் இருக்கே, அதை வெக்கப்படாம அமுக்குங்க, அது ஸ்கூல் பையன் வேலைன்னு சிலர் நினைக்கிறாங்க, அப்படி இல்லை, குரல் தாமதமா போற இடத்துல அது ஒண்ணுதான் ஒழுங்கான வழி. ரெண்டாவது, ஆரம்பிக்கும்போது ஆளைக் கூப்பிட்டு ஆரம்பிங்க, "ஒரு நிமிஷம் சார், அந்த டேட்டாபேஸ் விஷயத்துல ஒண்ணு சொல்லணும்"னு. முதல் ரெண்டு வார்த்தை அடிபட்டுப் போனாலும் விஷயம் அடிபடாது. முட்டிக்கிட்டு நீங்க விட்டுக் கொடுத்துட்டீங்கன்னா சாட்ல "அடுத்து எனக்கு ஒரு பாயிண்ட் இருக்கு"ன்னு போட்டு வைங்க, போட்டது எழுத்துல நிக்கும். அப்ரைசல் பத்தி மேனேஜர்கிட்ட தனியா ஒரு பத்து நிமிஷம் கேட்டு, இதே விஷயத்தை அப்படியே சொல்லுங்க, "பேச வர்றேன் சார், இடம் கிடைக்கலை, நீங்க என் பேரைக் கூப்பிட்டா போதும்"னு. நல்ல மேனேஜரா இருந்தா கூப்பிடுவார்.

என் டீம்ல 9 பேர், ஒருத்தரும் கேமரா போட மாட்டேங்கறாங்க. கறுப்புக் கட்டத்தைப் பாத்துப் பேசறது செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு. கேமரா கட்டாயம்னு ரூல் போடலாமான்னு யோசிக்கிறேன்.
– ஒரு டீம் லீட், சென்னை

உங்க கஷ்டம் புரியுது சார், ஆனா ரூல் போடாதீங்க. வீடியோ கால் ஏன் இவ்வளவு அசதியா இருக்குன்னு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல ஜெரமி பெய்லன்சன்னு ஒரு பேராசிரியர் 2021ல எழுதினார். நாலு காரணம் சொன்னார்: எல்லார் முகமும் பக்கத்துல நின்னு நம்மையே உத்துப் பாக்கற மாதிரி இருக்கறது, நாள் பூரா நம்ம முகத்தை நாமளே பாத்துக்கிட்டிருக்கறது, ஃப்ரேமுக்குள்ளயே அசையாம உக்காந்திருக்கறது, நேர்ல தானா புரியற சைகையை இங்க யோசிச்சு யோசிச்சுப் புரிஞ்சுக்கறது. இதை மனசுல வச்சுக்கிட்டு யோசிங்க. உங்க டீம்ல ஹாஸ்டல் ரூம்ல நாலு பேரோட தங்கியிருக்கிற பையன் இருக்கலாம், கைக்குழந்தையை மடியில போட்டுக்கிட்டு கால்ல இருக்கிற பொண்ணு இருக்கலாம், அவங்க வெளிய சொல்ல மாட்டாங்க.

வாரத்துல ஒரு மீட்டிங், அதுலயும் முதல் பத்து நிமிஷம் எல்லாரும் முகம் காட்டுவோம், வணக்கம் சொல்லிக்குவோம், அப்புறம் அவங்கவங்க இஷ்டம்னு கேட்டுப் பாருங்க. புதுசா யாராவது சேரும்போது, ஒருத்தர் வேலையை விட்டுப் போகும்போது, ஒருத்தருக்கு மனசு கஷ்டமான விஷயம் சொல்ல வேண்டியிருக்கும்போது கேமரா போடுங்க, அப்பல்லாம் முகம் வேணும். தினசரி ஸ்டாண்ட்அப்புக்கு (யார் என்ன வேலை பாக்கறாங்கன்னு சொல்ற சின்ன மீட்டிங்) குரல் போதும். இன்னொண்ணு, ஜூம்ல "ஹைட் செல்ஃப் வியூ"ன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா உங்க முகம் உங்களுக்குத் தெரியாது, மத்தவங்களுக்குத் தெரியும். டீமுக்குச் சொல்லிக் கொடுங்க, கூச்சப்படறவங்க பாதிப் பேர் அதுலயே கேமரா போட ஆரம்பிப்பாங்க.

ஒன்றிய அலுவலகத்துல வேலை பாக்கறேன். மாவட்டத்துலேருந்து வாரா வாரம் விசி (வீடியோ கான்ஃபரன்ஸ்) இருக்கும், எல்லா பிளாக்கும், அதாவது எல்லா ஒன்றியமும் லைன்ல இருக்கணும். எங்க முறை வர ரெண்டு மணி நேரம் ஆகும். வந்ததும் நாங்க பேசினா "சரியா கேக்கலை"ன்னு அடுத்த பிளாக்குக்குப் போயிடறாங்க. மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ.
– பெயர் வேண்டாம்

ஐடி கம்பெனிக்காரங்களுக்குத்தான் மீட்டிங் பிரச்சனைன்னு நினைக்கிறவங்க இந்தக் கடிதத்தைப் படிக்கணும். தாலுகா ஆபீஸ், ஒன்றியம், ஆரம்ப சுகாதார நிலையம்னு எல்லா இடத்துலயும் இன்னைக்கு விசிதான்.

கேக்காமப் போறதுக்கு பெரும்பாலும் ரெண்டே காரணம்தான் இருக்கும். ஒரே ரூம்ல கம்ப்யூட்டர்லயும் ஜாயின் பண்ணியிருப்பாங்க, ஒருத்தர் போன்லயும் ஜாயின் பண்ணியிருப்பார். ஒண்ணோட ஸ்பீக்கர் சத்தம் இன்னொண்ணோட மைக்ல போய் சுத்திச் சுத்தி வந்து கொய்ங்னு கத்தும். ஒரு ரூமுக்கு ஒரே ஒரு கருவியிலதான் ஆடியோ இருக்கணும், மத்ததுல ஆடியோவே கனெக்ட் பண்ணக்கூடாது. ரெண்டாவது, மேலதிகாரி பேர் சொல்லிக் கூப்பிட்டதும் மரியாதைக்கு எழுந்து நிப்போம். நின்னா கேமராவுல வயிறு தெரியும், மைக் மூணு அடி கீழ இருக்கும், குரல் எங்கயோ போகும். எழுந்திரிக்காம மைக் பக்கத்துல உக்காந்து "வணக்கம் சார்"னு தெளிவா சொல்றதுதான் இங்க மரியாதை.

சொல்றதை எண்ணிக்கையோட ஆரம்பிங்க. "அதாவது சார் நம்ம பிளாக்குல வந்து"ன்னு இழுக்காம "மொத்தம் இவ்வளவு வீடு, முடிஞ்சது இவ்வளவு, பாக்கி இவ்வளவு"ன்னு முதல் வரியிலயே வந்துடட்டும், அதையே சாட்லயும் போட்டுடுங்க. குரல் போகலைன்னாலும் எழுத்து போய்ச் சேந்திருக்கும், மெமோவுக்குப் பதில் எழுதவும் உதவும். லாகின் பேர் ஏதோ மொபைல் மாடல் பேரா இருந்தா மாத்தி, ஒன்றியம் பேரும் பதவியும் வர்ற மாதிரி வைங்க.

இதைப் படிக்கிற அதிகாரிகள் யாராவது இருந்தா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள், கூப்பிடற வரிசையை முதல் நாளே அனுப்பிடுங்க சார், மூணு மூணு பிளாக்கா நேரம் பிரிச்சுக் கொடுங்க. மனு கொடுக்க வந்தவங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க, உள்ள இருக்கிறவர் தன் முறைக்காக விசி ஓடற டிவியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார், ரெண்டு பேர் நேரமும் போகுது.

ஃபைனல் இயர் படிக்கிறேன் அக்கா. அடுத்த மாசம் வீடியோ இன்டர்வியூ. எங்க ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, வைஃபை கிடையாது, போன்தான். பயமா இருக்கு.
– ஒரு மாணவி, விருதுநகர்

பயப்படாதம்மா, போன்ல இன்டர்வியூ கொடுத்து எத்தனையோ பேர் வேலை வாங்கியிருக்காங்க. ஈபி மாதாந்திர பராமரிப்பு நாள் முன்னாடியே பேப்பர்ல வந்துடும், இன்டர்வியூ தேதியோட ஒத்துப் பாரு. அன்னைக்குத்தான்னா உடனே அவங்களுக்கு மெயில் போட்டு வேற நேரம் கேளு, காரணத்தை நேரா சொல்லு, முன்னாடியே கேக்கறதை யாரும் குறையா நினைக்க மாட்டாங்க.

போனைப் படுக்கை வசத்துல வச்சு எதுலயாவது சாச்சு நிறுத்து, கையில பிடிக்காதே. டூ நாட் டிஸ்டர்ப் போட்டுடு, நடுவுல ஒரு கால் வந்தா ஆடியோ கட் ஆயிடும். வீட்ல இன்னொரு கம்பெனி சிம் இருக்கிற போனை ஹாட்ஸ்பாட்டுக்குத் தயாரா வச்சுக்கோ. நெட் இழுத்தா "சார், லைன் சரியில்லை, கேமராவை ஆஃப் பண்ணிட்டுப் பேசட்டுமா"ன்னு கேளு. குரலுக்கு மட்டும்னா 100 கேபிபிஎஸ் (நெட் வேகத்தோட அளவு) கூட வேணாம், வீடியோவுக்கு அதைவிடப் பல மடங்கு வேணும், அதுனால முதல்ல வீடியோவைத்தான் விடணும். கூப்பிடறவங்க போன் நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோ, கட் ஆனா ரெண்டு நிமிஷத்துக்குள்ள போன் பண்ணிச் சொல்லிடு.

பேசும்போது ஸ்க்ரீன்ல தெரியற அவங்க முகத்தைப் பாக்காம கேமராவைப் பாரு, பழக கஷ்டமா இருக்கும், லென்ஸுக்குப் பக்கத்துல ஒரு பொட்டு ஒட்டி வச்சுக்கோ. எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு சொல்றேன். பக்கத்துல யாரையாவது உக்கார வச்சு பதில் சொல்லச் சொல்றது, இன்னொரு ஸ்க்ரீன்ல ஏஐ எழுதித் தர்றதைப் படிக்கிறது, இதெல்லாம் வேணவே வேணாம். நானும் இன்டர்வியூ எடுக்கறவதான், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே மாதிரி நாலு செகண்ட் நிறுத்தம், கண்ணு இடமிருந்து வலமா வரி வரியா ஓடறது, எல்லாம் அப்பட்டமா தெரியும். தெரியலைன்னா "இது எனக்குத் தெரியலை மேடம், இதுவரைக்கும் தெரியும்"னு சொல்றவங்களை நான் எடுத்திருக்கேன்.

மீட்டிங்கை ரெக்கார்ட் பண்ணலாமா? இப்ப சிலர் ஏஐ நோட் டேக்கரை (பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுக்கிற மென்பொருள்) அனுப்பறாங்களே, அது சரியா?
– ஒரு வாசகர், மதுரை

கேட்டுட்டுப் பண்ணுங்க. ஸ்க்ரீன்ல சிவப்புப் புள்ளி வந்தாலே சொன்ன மாதிரின்னு எடுத்துக்காதீங்க, வாயால "ரெக்கார்ட் பண்றேன், யாருக்காவது வேணாம்னா சொல்லுங்க"ன்னு கேக்கணும், லேட்டா வந்தவங்களுக்கும் ஒருமுறை சொல்லணும். நோட் டேக்கர் பாட்டும் அப்படித்தான், நீங்க வராம அதை மட்டும் அனுப்பறதை நான் ஏத்துக்க மாட்டேன். மனுஷங்க பேசற இடத்துல நீங்க இல்லாம உங்க மெஷின் மட்டும் உக்காந்து கேக்கறது மத்தவங்க வாயைக் கட்டிடும். சம்பளம், உடம்பு சரியில்லாதது, ஒருத்தர் மேல புகார், இந்த மூணு பேச்சு வந்தா ரெக்கார்டிங்கை நிறுத்திட்டுத்தான் பேசணும்.

அமெரிக்கா டீமோட கால் வெயில் காலத்துல சாயங்காலம் 6:30, நவம்பர் வந்தா 7:30 ஆயிடுது. குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டற நேரம். இதைக் கேக்கறது தப்பா?
– ஒரு வாசகி, திருச்சி

தப்பே இல்லை. அவங்க மார்ச் ரெண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயிறு பின்னாடி எடுப்பாங்க. நியூயார்க் பக்கம் காலை 9 மணிங்கறது அப்படியேதான் இருக்கும், நமக்குத்தான் நகரும். அங்க இருக்கிற பல பேருக்கு நம்ம கடிகாரம் மாறவே மாறாதுங்கறது தெரியாது, சொன்னா ஆச்சரியப்படுவாங்க. அக்டோபர் கடைசியிலயே ஒரு மெயில் போடுங்க, "நவம்பர்லேருந்து இது எங்களுக்கு ராத்திரி 7:30, உங்க நேரம் 8 மணிக்கு வச்சா நல்லா இருக்கும், இல்லை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மாத்தி மாத்தி வைக்கலாமா"ன்னு. கேக்கறது உங்க உரிமை. கிடைக்கலைன்னா கேமராவை ஆஃப் பண்ணிட்டு இயர்போனோட ஊட்டுங்க, அதுல ஒரு குறையும் இல்லை.

வீட்லதானே இருக்கோம், டீ-ஷர்ட் போட்டா என்ன?
– ஒரு வாசகர், சேலம்

தினசரி டீம் காலுக்கு டீ-ஷர்ட் தாராளமா போடலாம். 2020 ஜூன்ல ஒரு வக்கீல் கட்டில்ல படுத்துக்கிட்டே டீ-ஷர்ட்டோட சுப்ரீம் கோர்ட் விசாரணையில வந்தார், கோர்ட் கண்டிச்சுது, மன்னிப்புக் கேட்டார். கோவிட் வந்து கோர்ட்டெல்லாம் வீடியோவுக்கு மாறி சில மாசம்தான் ஆகியிருந்துச்சு, ஆனாலும் அது கோர்ட்தானே. நேர்ல போயிருந்தா என்ன போட்டிருப்பீங்கன்னு யோசிங்க, க்ளையன்ட், இன்டர்வியூ, விசாரணைன்னா அதைப் போடுங்க. கீழயும் சேத்துத்தான் சொல்றேன், சார்ஜர் எடுக்க எழுந்திரிக்க வேண்டி வரும்.

மீட்டிங் முடிஞ்சதும் யார் முதல்ல போறதுன்னு தெரியாம எல்லாரும் கை ஆட்டிக்கிட்டே இருக்கோம்.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

நடத்தினவங்க "அவ்வளவுதான், எல்லாரும் கிளம்பலாம், நன்றி"ன்னு சொல்லிட்டா நீங்க ஒருமுறை நன்றி சொல்லிட்டு லீவ் அமுக்கிடலாம், பெரியவங்க போகட்டும்னு காத்திருக்க வேணாம். நீங்க மீட்டிங்கை நடத்தற ஹோஸ்ட்டா இருந்தா மட்டும், எல்லாருக்கும் மீட்டிங்கை முடிச்சுடற "எண்ட் ஃபார் ஆல்" பட்டனை உடனே அமுக்கிடாதீங்க, ஒரு அரை நிமிஷம் இருங்க. எல்லார் முன்னாடியும் கேக்க முடியாத ஒரு கேள்வியோட யாராவது ஒருத்தர் போகாம நிப்பாங்க.